வருடத்துக்கு ஒரு படம் போதுமா?

சகோதரி, இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். மார்பில் கட்டி என்றார்கள். புற்றுநோய்தான் என்றார்கள். ஆனாலும் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டோம், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்கள். அறுவை நடந்தது, கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று, தினம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழமும் தீர்ந்துவிட்டது. இப்போது உங்கள் கையில் மிச்சமிருப்பது ஒரு தேதி அட்டை. அடுத்த ஆண்டு மேமோகிராம் என்று அதில் ஒரே ஒரு வரி.

இவ்வளவுதானா? மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டாமா? எலும்பைப் பார்க்க வேண்டாமா? ஈரல், நுரையீரல் எல்லாம் சுத்தமாக இருக்கிறதென்று எப்படித் தெரியும்? இரவு படுத்தால் இந்தக் கேள்விகள்தாம் வரும். உங்களுக்கு மட்டுமல்ல, இந்த வழியாக நடந்து வந்த எல்லாருக்கும் வரும்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பேரா மாநிலத்தில் இருக்கிறார். முப்பது வருடம் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தவர். இப்போது பட்டணத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி ஒன்றரை செண்டிமீட்டர் அளவு. உடனே போனார். மார்பை முழுக்க எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். மூன்று வாரம் கதிர்வீச்சு, பிறகு மாத்திரை. எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அதே தெருவில் கடைக்காரர் வீட்டு அம்மா ஒருவர். அவருக்கும் இதே நோய். ஏறக்குறைய இதே அளவு. அவர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பு முழுவதும் ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் வெள்ளி. அந்த அம்மா வந்து, "எல்லாம் கிளியர்" என்று சொல்லிவிட்டுப் போகும்போதெல்லாம் நம் அக்காவுக்கு வயிற்றைக் கலக்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், "கடன் வாங்கியாவது உனக்கும் எடுத்துவிடலாம் அம்மா" என்று சொல்லிவிட்டான். அக்காவோ கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியை அடகுக்கடைக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்.

என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "ஏழைக்கு வருஷத்துக்கு ஒரு படம், பணக்காரிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். அப்படித்தானே தங்கச்சி?"

நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்டேன். "அந்த வருஷத்துப் படத்தை எடுத்தாச்சா அக்கா?"

அக்கா சுவரைப் பார்த்தார். தேதி தாண்டி எட்டு மாதமாகியிருந்தது. அன்றைக்கு மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பிறகு தீபாவளி வந்ததாம். உள்ளபடி சொன்னால் பயம். படம் எடுத்தால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்கிற பயம். அவசியமான படத்தை விட்டுவிட்டு, அவசியமில்லாத ஸ்கேனுக்காக நகையைக் கழற்ற நின்றார் அந்த அக்கா. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்த ஒரு படம் எதற்கு?

ஆரம்ப நிலையில் பிடிபட்ட மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்த பிறகு, மீண்டும் தொல்லை வருவதானால் அது மூன்று வழியில் வரலாம். அறுவை செய்த அதே மார்பில் திரும்பவும் தலைகாட்டலாம். மறுபக்கத்து மார்பில் புதிதாக ஒன்று தோன்றலாம். அல்லது எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை என்று வேறிடத்தில் போய்த் தங்கலாம்.

முதல் இரண்டையும் சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் முழுவதும் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. கைக்கு அகப்படும் முன்பே அதைக் காட்டக்கூடியது மேமோகிராம். ஆகவேதான் அந்த ஒரு வரி உங்கள் அட்டையில் இருக்கிறது. அது மலிவான மருத்துவம் என்பதால் கொடுத்ததல்ல. அமெரிக்காவில் பெரிய பணக்காரி ஒருத்தி இதே நோயோடு போனாலும், உபாதை ஒன்றும் இல்லாதிருந்தால், அங்குள்ள மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டி அவளுக்கும் இதையேதான் சொல்கிறது.

எப்போது எடுப்பது? நோயைக் கண்டுபிடித்த முதல் மேமோகிராமிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. ஆனால் கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மார்பு வீங்கிச் சிவந்து, தொட்டாலே வலிக்கும் நிலையில் இருக்கும். படமும் தெளிவாக விழாது. அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. மார்பை முழுவதும் எடுத்துவிட்டவர்களுக்கு அந்தப் பக்கம் வழக்கமாக மேமோகிராம் கிடையாது; அழுத்திப் படம் எடுக்க அங்கே சதை இல்லை. டாக்டர் கையால் தடவிப் பார்ப்பார். மறுபக்கத்துக்குத்தான் வருடப்படம். "எனக்கு எடுத்தாச்சே, இன்னும் எதுக்குப் படம்?" என்று கேட்டுக்கொண்டு மறுபக்கத்தை மறந்துவிடும் பெண்கள் உண்டு. நீங்கள் மறக்கவேண்டாம்.

படத்தோடு டாக்டரைப் பார்ப்பதும் சேர்ந்தது. பொதுவாக முதல் மூன்று வருடம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாலாவது ஐந்தாவது வருடம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்று. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சற்று வேறுபடும்.

சொக்சோ கொடுக்கும் மேமோகிராம் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, இதையே அதில் எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நோய் இல்லாதவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பட்டது. உங்களுடையது வேறு. உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு எந்த இடத்தில் அறுவை நடந்தது, எப்போது நடந்தது என்று தெரிய வேண்டும். தேவைப்பட்டால் அங்கேயே கூடுதல் படமோ அல்ட்ராசவுண்டோ எடுக்க வேண்டும். ஆகையால் எங்கே போனாலும் வாயைத் திறந்து, "எனக்கு இந்த வருஷம் இந்தப் பக்கம் ஆபரேஷன் ஆனது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

படம் எடுக்கும் அறையில்

இரண்டு பலகைக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம்: மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. அழுத்துவது சில விநாடிதான். வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். கதிர்வீச்சுப் பட்ட பக்கம் சதை இறுகியிருக்கும், சற்று அதிகமாகவே உறுத்தும். படம் எடுப்பவரிடம் முன்னாடியே சொல்லிவிட்டால் பார்த்து மெதுவாகச் செய்வார். அழுத்தாமல் எடுத்தால் என்ன என்று கேட்காதீர்கள். சதை பரவி மெல்லிசாக விழுந்தால்தான் ஒன்றின் பின்னால் ஒன்று மறையாமல் தெரியும். கதிரும் குறைவாகச் செலவாகும்.

அன்றைக்கு அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். பவுடரின் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து, இல்லாத சந்தேகத்தை உண்டுபண்ணும். புடவையோ பாவாடை சட்டையோ, மேல்பாகம் மட்டும் தனியாகக் கழற்றக்கூடிய உடையாகப் போடுங்கள். நீளமான சங்கிலி படத்தின் குறுக்கே விழும், கழற்ற வேண்டியிருக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் பின்பக்கமாகத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் படம் எடுப்பவர் பெண்தான். சந்தேகமாக இருந்தால் முன்பே விசாரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது மிக முக்கியம். பழைய படங்கள்! பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்களே, அல்லது வட்டத்தட்டில் பதிந்து கொடுத்தார்களே, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? அலமாரிக்கு மேலே கரப்பான்பூச்சி அரிக்கப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துத் துடைத்து வையுங்கள். சிகிச்சை முடிந்தவருடைய படத்தைத் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. போன வருடத்துப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஒரே ஆஸ்பத்திரியில் தொடர்ந்து எடுத்தால் அவர்களிடமே இருக்கும். ஊர் மாறிப் போகிறவர்கள், பினாங்கில் அறுவை செய்துவிட்டு ஜொகூருக்குக் குடிபெயர்கிறவர்கள், கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அறுவையும் கதிர்வீச்சும் கண்ட மார்பு பழைய மார்பு அல்ல. அதற்குள்ளே தழும்பு இருக்கும். அறுவை செய்த இடத்தை அடையாளம் காட்ட டாக்டர் வைத்த சின்ன உலோகக் கிளிப்புகள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தோல் தடித்திருக்கும், பெரும்பாலும் அது முதல் வருடத்தில் அதிகமாக இருந்து, பிறகு இரண்டு மூன்று வருடத்தில் தணியும். அறுவை நடந்த பள்ளத்தில் நீர் கட்டியிருக்கலாம். சில சமயம் அங்கே உள்ள கொழுப்பு பட்டுப்போய், கெட்டியாகி, சுண்ணாம்புத் துணுக்குப் போலப் படிந்துவிடும். கையில் தட்டுப்பட்டால் கட்டி மாதிரியே இருக்கும்! தீங்கில்லாத சமாச்சாரம்தான், ஆனால் பார்த்த மாத்திரத்தில் எல்லாச் சமயமும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் "திரும்ப வாருங்கள், இன்னொரு படம் எடுக்கவேண்டும்" என்று அழைப்பு வரும்.

அந்த அழைப்பு வந்தால் உலகம் இடிந்ததாக எண்ணிவிடாதீர்கள். ஒரு புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அல்லது அல்ட்ராசவுண்டு வைத்து, உள்ளே இருப்பது நீரா கெட்டியா என்று பார்க்க வேண்டியிருக்கும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. வெறும் ஒலி அலைதான். அதிலும் தீராவிட்டால் ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். அழைக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் நோய் திரும்பியிருக்கும் என்பது தவறு. ஆனால் அழைத்த பிறகு போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

அந்த எண் உங்கள் நோயின் கட்டம் அல்ல

நம் அக்கா கடைசியில் போனார். மகளே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து அறிக்கை கையில் கிடைத்தது. ஆங்கிலம். பேரப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தான்: பை-ராட்ஸ் 3. அவ்வளவுதான்! அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுவை செய்யும்போது முதற்கட்டம் என்றார்கள், இப்போது மூன்றாங்கட்டம் ஆகிவிட்டதே என்று ஒரே அழுகை. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள்.

இந்தக் குழப்பம் பல வீடுகளில் நடக்கிறது. ஆகையால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நோயின் கட்டம் வேறு. பை-ராட்ஸ் எண் வேறு. படத்தைப் பார்க்கும் டாக்டர், தம் கண்ணுக்கு என்ன படுகிறது என்று மற்ற டாக்டர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லும் எண் அது. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுக்கவேண்டும் அல்லது பழைய படம் வேண்டும் என்று பொருள். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ தெரிகிறது, ஆனால் தீங்கில்லாதது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு இந்த 2 சகஜம், ஏனென்றால் தழும்பும் கிளிப்பும் இருக்கத்தானே செய்யும்! 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லாதது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் இன்னொரு படம் எடுத்து மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். 4 என்றால் சந்தேகம், சதை எடுத்துச் சோதிக்கவேண்டும். சோதித்த பிறகு ஒன்றுமில்லை என்று வருவதும் உண்டு. 5 என்றால் சந்தேகம் மிக அதிகம். 6 என்பது ஏற்கெனவே நிரூபணமான நோய் இன்னும் மார்பில் இருக்கும்போது போடும் எண். அறுவைக்கு முன் எடுத்த உங்கள் பழைய காகிதத்தில் அது இருந்தால் திடுக்கிடவேண்டாம்.

அக்காவின் 3 அந்தப் பட்டுப்போன கொழுப்புத்தான். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்திலும் அப்படியே இருந்தது, வளரவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "ஒண்ணுமில்லைன்னா ஏன் மறுபடி பார்க்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அறிக்கை கொடுக்கும்போது அங்கிருந்த யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் நின்று, அந்த எண் இன்னது என்று சொல்லியிருந்தால் ஒரு வீட்டின் சோறு வீணாகியிருக்காது. வேலை நெருக்கடியில் அவர்களுக்கு முடிவதில்லை. நாமே கேட்கவேண்டியதுதான். தமிழ் பேசும் மிசி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் படித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் முன்னாலேயே கேட்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரிய ஸ்கேன்

இப்போது கடைக்காரர் வீட்டு அம்மாவின் ஸ்கேனுக்கு வருவோம். அது ஏன் நமக்கு வேண்டாம்?

எலும்பு ஸ்கேன், சி.டி., பெட் ஸ்கேன், இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 15-3 முதலிய சோதனைகள் எல்லாம் நோய் வேறிடத்துக்குப் போயிருக்கிறதா என்று தேடுபவை. உபாதை ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இதை அடிக்கடி செய்துகொண்டிருந்தால் உயிர் காப்பாற்றப்படுமா? நியாயமான கேள்வி. இதை ஊகமாக விடாமல் இத்தாலி நாட்டில் சோதித்தே பார்த்தார்கள். அங்கே 20 மருத்துவமனைகளில் 1,320 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எலும்பு ஸ்கேன், ஈரலுக்கு அல்ட்ராசவுண்டு, நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தச் சோதனை எல்லாம் குறித்த காலத்தில். இன்னொரு பிரிவுக்கு டாக்டர் பார்ப்பதும் வருட மேமோகிராமும், உபாதை சொன்னால் மட்டும் மற்ற சோதனையும். ஏறக்குறைய ஆறு வருடம் கவனித்தார்கள். இறந்தவர்கள் தொகையில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடில்லை. மனநிம்மதியாவது கூடியதா என்றால் அதுவும் இல்லை! அதே நாட்டில் 1,243 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். நெஞ்சிலும் எலும்பிலும் பரவியதைச் சற்று முன்னதாகக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஐந்து வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கணக்கு மாறவில்லை. இரண்டு ஆய்வும் 1994-ஆம் ஆண்டு வெளியாயின.

முன்னதாகக் கண்டுபிடித்தும் ஏன் பயனில்லை? தபால்காரர் ஒரு கடிதத்தை இரண்டு மாதம் முன்னதாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் கடிதத்தில் எழுதியிருப்பது மாறாது அல்லவா? வேறிடத்துக்குப் பரவிய நோய்க்கு மருந்து உண்டு. பல வருடம் கட்டுப்படுத்தி வைக்கவும் முடிகிறது. ஆனால் அந்த மருந்தை உபாதை தெரிந்தவுடன் தொடங்குவதற்கும் இரண்டு மாதம் முன்பே தொடங்குவதற்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. மார்புக்குள்ளே திரும்பும் நோயின் கதை வேறு. அங்கே முந்திக்கொண்டால் லாபம் உண்டு. அதனால்தான் மார்பைத் தேடிப் பார்க்கிறார்கள், மற்ற இடத்தைத் தேடிக்கொண்டு அலைவதில்லை.

பழைய ஆய்வுதானே, இப்போது மருந்தெல்லாம் எவ்வளவோ முன்னேறிவிட்டதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. புதிய கருவிகளையும் புதிய இரத்தச் சோதனைகளையும் வைத்து ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருநாள் சொல்வது மாறலாம். ஆனால் அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-ஆம் ஆண்டு, 'தேவையில்லாமல் செய்யவேண்டாதவை' என்று தன் டாக்டர்களுக்கே ஒரு பட்டியல் போட்டபோது, குணப்படுத்தும் நோக்கோடு சிகிச்சை முடிந்து, உபாதை இல்லாமல் இருக்கும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு இந்தப் பெரிய ஸ்கேன்களை எடுப்பதையும் அதில் சேர்த்தது.

சும்மா எடுத்து வைத்தால் நஷ்டம் என்ன? பணம் மட்டுமா? பெட் ஸ்கேனில் சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி, அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும் இடம் எது என்று பார்க்கிறார்கள். புற்றுநோய் மட்டும் சர்க்கரையை இழுப்பதில்லை. காசநோய் இழுக்கும், வீக்கம், சீழ் எதுவும் இழுக்கும். சி.டி.யில் நுரையீரலில் மிளகளவு புள்ளி தெரியும். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாததாகவே இருக்கும். ஆனால் தெரிந்த பிறகு விட முடியுமா? இன்னொரு ஸ்கேன், ஊசி, மூன்று மாதம் தூக்கமில்லாத இரவு. கதிரின் அளவையும் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு மேமோகிராமுக்கு சுமார் 0.4 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம்மீது ஏழு வாரத்தில் படுவது அவ்வளவு. பெட்-சி.டி. ஒன்றுக்கு, கருவிக்குக் கருவி மாறினாலும், சுமார் 25. அறுபது மேமோகிராமுக்குச் சமம்! தேவைப்படும்போது அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. தேவையில்லாதபோது எதற்கு?

படம் குறைந்தால் ஆபத்து என்று நினைக்கிறோமே, அதற்கு மாறான சேதி ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஐம்பது வயதிலோ அதற்கு மேலோ நோய் கண்டு, அறுவைக்குப் பிறகு மூன்று வருடம் நலமாக இருந்தவர்கள் அவர்கள். பாதிப்பேருக்கு மேமோகிராம் வருடந்தோறும். மற்றவர்களுக்கு மார்பைக் காத்திருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒன்று, முழுவதும் எடுத்திருந்தால் மூன்று வருடத்துக்கு ஒன்று. இடைவெளி விட்டவர்கள் எதிலும் பின்தங்கவில்லை என்று 2023-இல் முடிவு சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே தேதியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்! உங்கள் டாக்டர் சொல்லும் வரை வருடத்துக்கு ஒன்றுதான்.

சிலருக்கு மட்டும் கூடுதல் படம் வேண்டியிருக்கும். பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. சேர்ப்பது வழக்கம். ஐம்பது வயதுக்குள் நோய் கண்டவர்களுக்கும், மார்புச் சதை அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் வருடம் ஒரு எம்.ஆர்.ஐ. நல்லது என்று அமெரிக்கக் கதிர்ப்பட மருத்துவர்கள் 2018-இல் பரிந்துரைத்தார்கள். அடர்த்தியான மார்பு மேமோகிராமில் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளை, மேகத்தில் கொக்கைத் தேடுவது போலத்தான். இதில் எல்லா நாட்டு டாக்டர்களும் ஒரே கருத்தில் இல்லை. உங்களுக்கு வயது குறைவு, அல்லது குடும்பத்தில் தாய், சகோதரி, சித்தி, அத்தை என்று யாருக்காவது மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்திருக்கிறது என்றால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அப்பா வழியும் சேர்த்தி. பலர் அம்மா வழியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் நேரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு பலம் குறையலாம். அதைப் பார்க்க எலும்பு அடர்த்திப் படம் எடுப்பார்கள். அது புற்றுநோயைத் தேடும் எலும்பு ஸ்கேன் அல்ல. டிராஸ்டுசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு அடிக்கடி இருதயத்துக்கு 'எக்கோ' பார்ப்பார்கள். அதுவும் மருந்து இருதயத்தைத் தாக்குகிறதா என்று அறியத்தான்.

வாய் திறக்கவேண்டிய நேரம்

பெரிய ஸ்கேன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். உபாதை இருந்தால் ஸ்கேன் வேண்டும், உடனே வேண்டும். அங்கேதான் நம் பெண்கள் கோட்டை விடுகிறார்கள். "அடுத்த தேதிதான் வருதே, அப்ப சொல்லிக்கலாம்" என்று மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள்.

தழும்பிலோ மார்பிலோ அக்குளிலோ கழுத்து எலும்புக்கு மேலோ புதுக் கட்டி, தோலில் புதுச் சிவப்பு, தடிப்பு. படுத்தாலும் தீராத, நாளுக்கு நாள் கூடுகிற முதுகுவலி, இடுப்புவலி. மாடிப்படி ஏறாமலேயே மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல். வயிற்றின் வலது மேல்பக்கம் வலி, கண் மஞ்சளாவது. காரணமில்லாமல் எடை குறைவது. இதுவரை இல்லாத மாதிரித் தலைவலி, வலிப்பு. இதில் எது வந்து இரண்டு மூன்று வாரம் நின்றாலும் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் வாரக்கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே. கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டாமோக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்குத் தீட்டு நின்ற பிறகு இரத்தம் கண்டால் அதையும் சொல்லவேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தோட்டத்தில் இருக்கிறீர்கள், பட்டணத்து ஆஸ்பத்திரி தூரம் என்றால், பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே காட்டி, அறுவை செய்த இடத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். தேதி தவறிப்போனால் திட்டுவார்களோ என்று பயந்து போகாமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. போன் செய்து புதுத் தேதி கேளுங்கள். திட்டினால் திட்டட்டும்.

நம் அக்காவின் மகன் கடன் வாங்கவில்லை. அம்மாவின் டாக்டரிடம் தானே ஒருநாள் லீவு போட்டு வந்து பேசினான். பேசிய பிறகு அவன் மனமும் ஆறிற்று. கடைக்காரர் வீட்டு அம்மா தம் வழக்கப்படி ஸ்கேன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அது அவர் பணம், அவர் மனம்.

போன மாதம் அக்காவுக்கு மறுபடியும் வருடப்படம். இந்தத் தடவை எண் 2. படம் எடுக்கும் அறைக்குள் போகும்போது அந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளியே வந்தவர், "படம் எப்படிம்மா எடுத்தாங்க?" என்று மகள் கேட்டதைக் காதில் வாங்காமல், "சங்கிலி எங்கடி?" என்றாராம்.